எழுதியவர் ஒருவர், ஒப்பம் நம்முடையது

(அழகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சோலைமலை அடிவாரத்தில் பேச வருகிறவர்கள் பெரியாழ்வாரையோ ஆண்டாளையோ எடுத்துக்கொண்டு பேசுவதுதான் முறை. நான் வருமான வரி ரிட்டர்னைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். மதுரையில் வரி வழக்குகள் நடத்துகிறவன் நான். என்னிடம் வருகிறவர்களில் அரசை ஏய்க்க வேண்டும் என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு. ஆசிரியர்கள், மின்வாரிய ஊழியர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், நிலம் விற்ற விவசாயிகள், சிறு கடைக்காரர்கள் ஆகியோர்தாம் அதிகம். இவர்கள் யாரும் தங்கள் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்வதில்லை. “ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டேன்” என்பார்கள். அந்த ஆடிட்டர் பட்டயக் கணக்காளராகவோ வழக்கறிஞராகவோ இருக்கலாம். ஜெராக்ஸ் கடையில் கணினி வைத்திருக்கும் இளைஞராகவும், உடன் வேலை பார்ப்பவரின் மைத்துனராகவும் இருக்கலாம். ஜூலை மாதம் ஃபார்ம் 16ஐயும் பான் எண்ணையும் கொடுக்கிறோம். போனுக்கு வரும் ஓடிபியை வாசித்துச் சொல்கிறோம். வேலை முடிந்தது என்று எழுந்து வந்துவிடுகிறோம்.

முடியவில்லை என்பது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தெரியவருகிறது.

ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். விளங்குவதற்காகத் தொகைகளைச் சற்று எளிதாக்கிக்கொள்கிறேன். 2022-23 நிதியாண்டில் அவருக்குச் சம்பளம் 9 லட்சம். பழைய வரிமுறையில் நிலைக்கழிவு 50,000, சேமநிதி, காப்பீடு முதலியவற்றுக்கு 1.5 லட்சம் போக 7 லட்சத்துக்கு வரி. அதைச் சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள். அவர் கட்ட வேண்டியதும் இல்லை, அவருக்கு வர வேண்டியதும் இல்லை. அப்போது ஒருவர் பள்ளிக்கு வந்தார். “ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன். வருவதில் பத்தில் ஒரு பங்கு எனக்கு” என்றார். பலரும் கொடுத்தார்கள், இவரும் கொடுத்தார். சில வாரங்களில் 29,120 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. பத்தில் ஒரு பங்கு 2,912 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆசிரியை எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்தவர் இல்லை. ரிட்டர்னில், அரசியல் கட்சிகளுக்கான நன்கொடை என்று 80ஜிஜிசி பிரிவில் 1 லட்சம் ஏறியிருந்தது. வீட்டில் யாருக்கும் பெரிய நோய் இல்லை. குறிப்பிட்ட நோய்களுக்கான சிகிச்சைச் செலவு என்று 80டிடிபி பிரிவில் 40,000 ஏறியிருந்தது. இரண்டும் சேர்ந்த 1.4 லட்சத்துக்கு 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் கணக்கிட்டால் அந்த 29,120 வந்துவிடும். வரித்துறையின் தளத்தில் தொடர்புக்கான மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் அந்த மனிதருடையவை. ஆதார் ஓடிபி மட்டும் ஆசிரியையின் போனுக்கு வந்தது. அதை அவர் வாசித்துச் சொல்லியிருந்தார். துறை அனுப்பிய மின்னஞ்சல்கள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய்க் கிடந்தன. ஆசிரியை என்னிடம் வந்தபோது அந்த மனிதரின் எண் உபயோகத்தில் இல்லை.

“நான் எழுதலையே சார்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. சட்டம் அதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் மையம்.

ஒரு விளக்கம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாள். நான் சொல்லும் பிரிவு எண்களும் காலக்கெடுக்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. நம்மை இன்று துரத்திக்கொண்டிருக்கும் பழைய ரிட்டர்ன்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் போட்டவை.

அந்தச் சட்டத்தின் 140ஆம் பிரிவு, தனிநபரின் ரிட்டர்னை அந்த நபரே சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும் என்கிறது. வெளிநாட்டில் இருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும் முறையான அதிகாரப் பத்திரம் பெற்றவர் செய்யலாம். ரிட்டர்னின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை இதில் உள்ளவை சரியானவை, முழுமையானவை என்று அதில் நாம் சொல்கிறோம். 30 நாளுக்குள் ஓடிபி மூலமோ வேறு வழியிலோ அதை உறுதிசெய்யாவிட்டால் ரிட்டர்ன் அன்றைய தேதியில் போட்டதாகவே கணக்கில் வராது. அவ்வளவு கனம் அதற்கு. அழகர் மலைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். சத்தியம் செய்ய வேண்டியவர் வீட்டில் இருந்துகொண்டு, கூலிக்கு ஓர் ஆளை அனுப்பினால் ஊர் ஒப்புமா? ஓடிபி அந்தச் சத்தியம். நாம் அதைப் போனில் யாரோ ஒருவருக்கு வாசித்துச் சொல்கிறோம்.

ஆகவே ரிட்டர்னில் இருக்கும் பொய் சட்டத்தின் கண்ணில் ஆசிரியையின் பொய். இல்லாத செலவைக் காட்டுவது 270ஏ பிரிவில் தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்தது ஆகும். அதற்கு அபராதம் வரியில் 200 சதவீதம். 277ஆம் பிரிவில் பொய் உறுதிமொழிக்குச் சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

இது நம் ஊர்ப்பக்கத்துத் தொல்லை மட்டும் இல்லை. 2018 ஏப்ரலில் பெங்களூரில் உள்ள மத்தியப் பரிசீலனை மையம், தவறான ஆலோசகர்களை நம்பிக் கழிவுகளைக் கூட்டிக் காட்ட வேண்டாம் என்று சம்பளக்காரர்களை எச்சரித்தது. 2025 ஜூலை 14 அன்று வரித்துறை நாடு முழுவதும் ஒரு பெரிய சரிபார்ப்பைத் தொடங்கியது. ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர்களும் இடைத்தரகர்களும் அதன் இலக்கு. மகாராஷ்டிரம், தமிழ்நாடு, டெல்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் போலிக் கழிவுகள் தெரிந்ததாக அறிவிப்பில் இருந்தது. பன்னாட்டு நிறுவனங்கள், பொதுத்துறை, அரசு அலுவலகங்கள், கல்வி நிலையங்கள் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்கள் கமிஷன் கொடுத்து ரீஃபண்ட் வாங்கியிருக்கிறார்கள். மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களைத் தொடங்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே போகின்றன என்றும் துறை எழுதியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2.6 லட்சம் வருகிறது. இவர்கள் எல்லோரும் குற்ற மனம் கொண்டவர்கள் என்று என்னால் நம்ப முடியாது. “எல்லோரும் வாங்குகிறார்கள்” என்ற ஒரு வார்த்தை போதும், படித்தவர்களும் போய் நிற்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டிய வரி முழுதும் நியாயமாகப் பிடித்த வரி என்றால், திரும்பி வந்த பணம் யாருடையது? அதைக் கேட்காமல் வாங்கிக்கொண்டது நம் பிழைதான்.

சரி, பிழை நடந்துவிட்டது. என்ன செய்வது? ஆசிரியைக்கு வழி இருந்தது. 2022இல் சட்டத்தில் சேர்ந்த 139(8ஏ) பிரிவின் கீழ் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம்; ஐடிஆர்-யூ என்பார்கள். முதலில் இரண்டு ஆண்டுகள் இருந்த கெடுவை 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நான்கு ஆண்டுகளாக்கியது. நிதியாண்டுக்கு அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து கெடு ஓடத் தொடங்கும். முதல் ஆண்டில் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின்மேல் 25 சதவீதம் கூடுதல், இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70. ஆசிரியை இரண்டாம் ஆண்டில் வந்தார். வட்டியைத் தனியே வைத்துப் பார்த்தால் வாங்கிய 29,120ஐத் திருப்பிக் கட்டி, அதன்மேல் 14,560 கட்ட வேண்டும். துறை முந்திக்கொண்டு மறுமதிப்பீடு தொடங்கி 200 சதவீத அபராதம் போட்டால் அபராதமே 58,240. தாமாக முன்வந்ததில் அவருக்கு மிச்சம் 43,680. மதிப்பீட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு இதே அளவுக்குத் திறந்திருக்காது. அதனால்தான் நாளைக் கடத்தாதீர்கள் என்று மன்றாடுகிறேன். அவர் கட்டினார். உடன் வேலை பார்த்தவர்களுக்கும் போன் போட்டுச் சொன்னார். அது எனக்குப் பெரிய மன நிறைவு.

இன்னொரு வகைப் பிழை இருக்கிறது. அதில் நம் பணம் அரசிடம் போய் மாட்டிக்கொள்ளும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு விவசாயி 60 லட்சத்துக்குப் புன்செய் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் யாரோ சொன்னதைக் கேட்டு விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் வரியாகப் பிடித்துக் கட்டிவிட்டார். அந்த 60,000 ரூபாய் விவசாயியின் பெயரில் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டது. ஏஐஎஸ் என்று சொல்வது அதைத்தான். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் அதைப் பார்த்தார். நிலம் விற்ற லாபம் என்று காட்டி, சில லட்சம் வரியும் கட்ட வைத்துவிட்டார். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சியின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, 10,000 பேருக்கு மேல் வசிக்கும் வேறு நகர உள்ளாட்சிக்குள்ளோ அதன் பக்கத்திலோ வராத விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை. அதை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. கடச்சனேந்தல் பக்கத்து வயலுக்கும் மலையடிவாரத்து வயலுக்கும் இங்கே சட்டம் வெவ்வேறு. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு தூரச் சான்று, அடங்கலில் பயிர் விவரம், இவ்வளவுதான் ஆதாரம். கேட்டு வாங்க அந்த ஆளுக்குத் தோன்றவில்லை.

இதைத் திருத்தப் புதுப்பித்த ரிட்டர்ன் உதவாது. வரியைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ அதைப் பயன்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31க்குள் என்றால் 139(5) பிரிவில் திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடலாம். செலவே இல்லாத வழி அதுதான். டிசம்பர் தாண்டினால் பாதை மேடாகிறது. ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு பெங்களூர் மையத்திலிருந்து வரும் 143(1) அறிவிப்பில் டிடிஎஸ் விட்டுப்போனது, கூட்டல் தவறு போன்ற கண்ணுக்குத் தெரியும் பிழைகளை 154ஆம் பிரிவில் நான்கு ஆண்டுக்குள் திருத்தச் சொல்லலாம். விவசாயியின் நிலம் எந்த வகை என்பது வாதிட வேண்டிய விஷயம். 154 அதற்குப் போதாது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஓராண்டுக்குள் 264ஆம் பிரிவில் முதன்மை ஆணையரிடம் சீராய்வு மனு கொடுக்கலாம். 143(1) அறிவிப்பின்மேலும் இந்த மனு செல்லும் என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இந்தப் பிரிவில் ஆணையர் நமக்குப் பாதகமாக எந்த உத்தரவும் போட முடியாது என்பதால் சிறு வரிதாரருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பேன். மதுரைப் பக்கம் இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. எல்லாக் கெடுவும் போய்விட்டால் 119(2)(பி) இருக்கிறது. உண்மையான இடையூறு இருந்தது என்று காட்டினால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை தாமதத்தை மன்னித்து ரீஃபண்ட் கோரிக்கையை ஏற்கலாம். 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11ஆம் எண் சுற்றறிக்கை அதன் முறையைச் சொல்கிறது. 1 கோடி வரையிலான கோரிக்கைகளை ஆணையர் அளவிலேயே முடிவு செய்யலாம்.

நிலுவைச் சம்பளம் வாங்கிய ஆசிரியர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை: 89ஆம் பிரிவு நிவாரணம் கேட்பதற்கு முன்னால் ஃபார்ம் 10இ போட்டாக வேண்டும். அதை மறந்துவிட்டு ரிட்டர்ன் மட்டும் போட்டுத் தருகிறவர்கள் ஏராளம், நிவாரணம் மறுக்கப்பட்டுவிடும்.

வரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு இரண்டு ஆவணங்களை நினைவூட்டுகிறேன். ஒன்று அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அது. நம் ஆள் தவறாக எழுதியதால் கட்டிய வரி, சட்டப்படி வர வேண்டிய வரி ஆகிவிடாது. இன்னொன்று 1955 ஏப்ரல் 11 தேதியிட்ட 14ஆம் எண் சுற்றறிக்கை. வரிதாரரின் அறியாமையை அதிகாரிகள் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது, அவருக்கு உரிய நிவாரணங்களை எடுத்துச் சொல்லி உதவ வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. 70 ஆண்டு ஆகியும் நீதிமன்றங்கள் அதை எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கின்றன. மனு எழுதும்போது இந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிடுங்கள். அச்சமில்லாமல் குறிப்பிடுங்கள்.

இப்படிச் சொன்னவுடன் ஒருவர் கேட்பார்: எழுதியவர் தவறு செய்தார் என்று சொன்னால் அபராதத்தை விட்டுவிடுவார்களா? சில வேளைகளில் விடுவார்கள், எல்லா வேளைகளிலும் இல்லை. 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் உலகப் புகழ்பெற்ற கணக்கு நிறுவனம். ஊருக்கெல்லாம் வரிக்கணக்கு சொல்லித் தருகிறவர்கள். 2000-01 மதிப்பீட்டு ஆண்டில் அவர்கள் போட்ட சொந்த ரிட்டர்னிலேயே பிழை. பணிக்கொடைக்காக ஒதுக்கிய 23,70,306 ரூபாய் கழிவாகாது என்று அவர்களுடைய வரித் தணிக்கை அறிக்கையிலேயே எழுதியிருந்தது. ரிட்டர்னில் மட்டும் அதைக் கூட்ட மறந்துவிட்டார்கள். அதிகாரி 300 சதவீத அபராதம் போட்டார், தீர்ப்பாயம் 100 ஆக்கியது, கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் முழு அபராதத்தையும் நீக்கியது. மறைக்கும் எண்ணம் இருந்தால் தணிக்கை அறிக்கையில் எழுதியிருக்க மாட்டார்கள், இது மனிதர் யாருக்கும் நேரும் கவனப் பிழை என்பது அதன் பார்வை.

அவர்களைக் காப்பாற்றியது முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு தாள். நம் ஆசிரியையிடமும் விவசாயியிடமும் அப்படி ஒரு தாள் இல்லை. என்ன கொடுத்தோம், என்ன சொன்னோம் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. ஆகவே ரிட்டர்ன் போடக் கொடுக்கும்போது ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: என் வருமானம் இவை, என் கழிவுகள் இவை, வேறு எதுவும் இல்லை. அதைப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அவர் ரிட்டர்னைத் தயாரித்ததும், ஓடிபி சொல்வதற்கு முன்னால், முழுப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்க ஒப்புகைச் சீட்டு போதாது. ஆங்கிலத்தில் இருந்தாலும் கழிவுகள் உள்ள பக்கத்தை எண்களை மட்டும் பார்த்தாவது படித்துவிடலாம். நீங்கள் எழுதிக் கொடுக்காத ஓர் எண் அங்கே இருந்தால் ஓடிபி சொல்லாதீர்கள்.

ஜிஎஸ்டியில் நிலைமை இன்னும் கடினம். அங்கே ரிட்டர்ன் தயாரிப்பவர்களுக்குப் பதிவு முறை உண்டு. ஆனாலும் 48ஆம் பிரிவு, விவரங்கள் சரியாக இருக்க வேண்டிய பொறுப்பு வணிகருடையதே என்று திட்டமாகச் சொல்லிவிட்டது. போட்ட ரிட்டர்னைத் திருத்திப் போடும் வழியும் இல்லை. அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30க்குள், பிந்தைய மாத ரிட்டர்னில் சரிசெய்துகொள்ள வேண்டும். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் கடையைப் பார்ப்பாரா, தளத்தில் எந்தப் பகுதிக்குள் நோட்டீஸ் வந்து கிடக்கிறது என்று பார்ப்பாரா? கணக்குப் பார்ப்பவர் சொல்லவில்லை. ஒருநாள் வங்கிக் கணக்கு முடங்கியபோதுதான் உத்தரவு வந்தது தெரிந்தது. இப்படிப்பட்ட வழக்குகள் 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வரிசையாக வந்தன. வழக்காடிய வரியில் 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்க நீதிமன்றம் பல வழக்குகளில் அனுப்பியது. அதற்கு முன்பே 2020இல் சன் டை கெம் வழக்கில், ரிட்டர்னின் ஒரு கட்டத்தில் வர வேண்டிய தொகை தவறி வேறு கட்டத்தில் ஏறியதைத் திருத்த அனுமதித்தது. வருவாய் இழப்பு இல்லாத மனிதப் பிழைக்காக வணிகரைத் தண்டிக்கக் கூடாது என்ற கண்ணோட்டம் அது. நீதிமன்றத்துக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் ஒரு கடைக்காரர் தமக்கு வந்த நோட்டீஸைப் படிக்கும் உரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பது சரியான ஏற்பாடு இல்லை.

எழுதியவரை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. அவர் பட்டயக் கணக்காளர் என்றால் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுடைய நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்கறிஞரைக் கொண்டுபோக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றவர்மேல் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. போலிக் கழிவு எழுதிக் கமிஷன் வாங்கியவர்மேல் மோசடி என்று காவல் துறையில் புகார் கொடுக்கலாம். வரிச் சட்டத்தின் 278ஆம் பிரிவும் பொய் ரிட்டர்னுக்குத் தூண்டுதலாக இருந்தவரைத் தண்டிக்கிறது. ஆனால் நடைமுறையில் ஆளைப் பிடிப்பதே பாடு. ரிட்டர்னில் அவர் பெயரே இல்லை.

இந்தக் குறையை அரசு ஒருமுறை உணர்ந்தது. 2006இல் 139பி பிரிவைச் சேர்த்து, பயிற்சி பெற்ற ரிட்டர்ன் தயாரிப்பாளர்களை அடையாள எண்ணோடு உருவாக்கியது. அவர்கள் தயாரித்த ரிட்டர்னில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். நல்ல திட்டம். ஆனால் அந்த எண் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடுவதை யாரும் தடுக்கவில்லை, அதனால் திட்டம் ஓர் ஓரத்தில் நின்றுவிட்டது. அமெரிக்காவில் கூலி வாங்கித் தயாரிப்பவர் எவரும் தமக்கென ஓர் அடையாள எண் பெற்று, ரிட்டர்னில் கையெழுத்திட வேண்டும். தவறினால் அவருக்கு அபராதம். ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2010 முதல் அங்கே வரி முகவர்கள் அதற்கென உள்ள வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வரிதாரர் எல்லா விவரங்களையும் உண்மையாகக் கொடுத்திருந்து, முகவரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தால் வரிதாரருக்கு அபராதம் கிடையாது. வரியும் வட்டியும் கட்டினால் போதும்.

நம் நாட்டுக்கும் அது வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூலி வாங்கி ஒரு ரிட்டர்னுக்குமேல் எழுதுகிற எவரும் பதிவு செய்ய வேண்டும். அவருடைய எண் ரிட்டர்னில் ஏற வேண்டும். உண்மையைக் கொடுத்தவருக்கு அபராதம் இல்லை, பொய்யை எழுதியவருக்கே அபராதம் என்று சட்டம் சொல்ல வேண்டும். தளத்தில் யார் எந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தாலும், நோட்டீஸ் வந்த செய்தி ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்குத் தமிழில் வர வேண்டும். ஓடிபி அனுப்பத் தெரிந்த துறைக்கு இது முடியாத காரியம் இல்லை. ஆசிரியர் சங்கங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். வரைவு எழுதித் தர நான் இருக்கிறேன்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரத்துக்குள் உங்கள் பான் எண்ணோடு வருமான வரித் தளத்துக்குள் போங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால் ஆதார் ஓடிபியால் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். தொடர்பு விவரத்தில் யாருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள், உங்களுடையவை இல்லையென்றால் உடனே மாற்றுங்கள். கடந்த நான்கு ஆண்டு ரிட்டர்ன்களை இறக்கி, கழிவுகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். நீங்கள் செலவழிக்காத ஓர் எண் அங்கே இருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் பதிவு பெற்ற ஒரு கணக்காளரையோ வழக்கறிஞரையோ பாருங்கள்.